'வருந்துகிறோம்' கடிதமும் வரைவில் ஒளிந்திருக்கும் பொய்யும்

கதையில் இல்லாத ஊரை உண்டாக்கலாம், செத்தவரை எழுப்பிப் பேசவிடலாம், மழையே பெய்யாத நாளில் வெள்ளம் வரவழைக்கலாம். இது எதுவும் பொய்யில் சேராது. தலைப்புக்கு மேல் 'சிறுகதை' என்று போட்டாயிற்று, வாசகரும் அதை ஒப்புக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்திருக்கிறார். எழுத்தைக் கெடுக்கிற பொய் வேறு வகை. எழுதுகிறவர் தன்னைக் கொஞ்சம் நல்லவராக, கொஞ்சம் விவரம் தெரிந்தவராக, பட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாக அடிபட்டவராகக் காட்டிக்கொள்ளச் சொல்லும் பொய் அது. சொல்லும்போது அவருக்கே தெரிவதில்லை. அதனால் அதைப் பிடிக்க மனசாட்சி மட்டும் போதாது, கையில் பென்சிலோடு செய்கிற வேலை ஒன்று வேண்டும்.

இந்தக் குறிப்பின் முதல் பாதி அந்த வேலையைப் பற்றியது. பிற்பாதியில், படைப்பைத் திருப்பி அனுப்பும் இதழ்களின் மறுப்புக் கடிதங்கள் வரும். இரண்டையும் ஒன்றாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வரைவில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிக்கும் அதே மனசுதான், மறுப்புக் கடிதம் வந்ததும் அதில் எழுதாததையெல்லாம் படிக்கிறது.

முதலில் பெயர்ப்பலகை

எழுதத் தொடங்கும்போதே முதல் பக்கத்தின் மேல்மூலையில் ஒரு சொல் எழுதுங்கள்: கதை, கட்டுரை, தன்வரலாறு, செய்தி. 'எழுதி முடித்துவிட்டு முடிவு செய்யலாம்' என்று தள்ளிப்போட்டால், கதைக்குரிய சலுகைகளைக் கட்டுரைக்குள் கொண்டுவந்துவிடுவீர்கள். எது எங்கே நுழைந்தது என்பது பிறகு உங்களுக்கே நினைவிருக்காது.

1980 செப்டம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் நிருபர் ஜேனட் குக் எட்டு வயது ஹெராயின் அடிமைச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். 1981இல் அதற்கு அமெரிக்காவின் பெரிய இதழியல் விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்படியொரு சிறுவனே இல்லை என்பது சில நாட்களில் வெளிவர, பரிசு திரும்பப் போனது. அதே வரிகள் சிறுகதை என்ற பெயரில் வந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரே 2003இல் வெளியிட்ட போதை மீட்புத் தன்வரலாற்றில், சில மணி நேரக் காவல் ஏறக்குறைய மூன்று மாதச் சிறைவாசமாக வளர்ந்திருந்தது. 2006 ஜனவரியில் அது அம்பலமானது. ஏமாந்ததாகச் சொன்ன வாசகர்களுக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித்தர ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. இரண்டிலும் கெட்டது பெயர்ப்பலகைதான். ஆனால் ஃப்ரே விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: அவர் கூட்டிச் சொன்னதெல்லாம் ஒரே திசையில், தன்னை முரடனாகக் காட்டும் திசையில் போகிறது. மறதி அப்படி ஒரே பக்கம் சாயாது. உங்கள் வரைவில் உள்ள தவறுகளும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள்.

கட்டுரை, தன்வரலாறு எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இவை. பேச்சை மேற்கோள் குறிக்குள் போடுவது முதலாவது. ஒலிப்பதிவோ அன்றைக்கே எழுதிய குறிப்போ இல்லாமல் நாற்பது வரி உரையாடல் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு வாக்கியம் அப்படியே நினைவிருந்தால் அதற்கு மட்டும் குறி போடுங்கள், மற்றதைச் சுருக்கி உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். தமிழில் கூடுதலாக ஒரு எச்சரிக்கை தேவை: மேற்கோள் குறியே இல்லாவிட்டாலும் 'என்று' வந்தாலே அது அவருடைய சொந்த வார்த்தையாகத்தான் வாசகர் காதில் விழும். நினைவு உறுதியாக இல்லாத இடத்தில் 'வீட்டை விற்பது பற்றி ஏதோ சொன்னார்' என்பது நேர்மையான வாக்கியம்.

அடுத்தது, இரண்டு சந்திப்புகளை ஒன்றாக்குவது. 'அடுத்தமுறை போனபோது' என்று இரண்டே சொல்லில் தீரும் விஷயத்துக்காக ஒரு பொய்யை உள்ளே விட வேண்டாம். இரண்டு மனிதர்களை ஒருவராக்குவது அதைவிட மோசம். அப்படிச் செய்யத் தோன்றினால் எழுதுவது கதை என்று மேல்மூலையில் மாற்றி எழுதிவிடுங்கள், கேவலம் ஒன்றுமில்லை. பெயரை மாற்றலாம், மாற்றியதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும்.

மூன்று வாசிப்பு

உள்ளத்தோடு சேர்ந்தது உண்மை, வாயோடு சேர்ந்தது வாய்மை, மெய்யாகிய உடம்போடு சேர்ந்தது மெய்மை என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. பட்டிமன்றத்தில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன விளக்கம்தான். ஆனால் வரைவைத் திருத்த இதைவிட வசதியான கருவி கிடைப்பது கடினம். வரைவை அச்செடுத்து, மூன்று நாளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றுக்காக மட்டும் படியுங்கள். ஒரே வாசிப்பில் மூன்றையும் தேடினால் முதலில் கண்ணில் படுவது எழுத்துப்பிழைதான்.

மெய்மையிலிருந்து தொடங்குவது நல்லது, அது சுலபம். எழுதியதில் கண், காது, மூக்கு, தோல் அறிந்தவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒரு முழுப் பக்கத்தில் ஒரு கோடுகூட விழவில்லை என்றால் அங்கே நீங்கள் பார்த்ததைச் சொல்லவில்லை, தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அது சில சமயம் தேவைதான், ஆனால் தெரிந்து செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கோட்டிலும் நின்று, அந்த இடத்தில் நின்றவருக்கு அது தெரிந்திருக்குமா என்று கேளுங்கள். தொலைபேசியில் பேசுகிறவரின் பக்கத்தில் நின்றவருக்கு ஒரு பக்கப் பேச்சுதான் கேட்டிருக்கும். மாடியிலிருந்து பார்த்தவருக்குக் கீழே நிற்பவரின் உதடு துடித்தது தெரிந்திருக்காது. இப்படிப் பிடிபடும் பிழை ஒவ்வொன்றும், அந்தக் காட்சியை நினைவிலிருந்து எடுக்காமல் படித்த கதைகளிலிருந்து எடுத்தீர்கள் என்பதற்குத் தடயம்.

இன்னொரு தடயம், எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவது. ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழில் க்ளாஸ் ரெலோட்டியஸ் எழுதிய செய்திக்கட்டுரைகள் பரிசுமேல் பரிசு வாங்கின. சக நிருபர் ஒருவர் விடாமல் துருவியதில், பலவற்றில் ஆட்களும் பேச்சுகளும் இட்டுக்கட்டியவை என்று 2018 டிசம்பரில் அந்த இதழே அறிவித்தது. நடந்த விஷயத்தில் பொருந்தாத ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். சாவு வீட்டில் யாரோ செருப்பு மாறிப்போட்டுக்கொண்டு போயிருப்பார்கள், முக்கியமான பேச்சின் நடுவே யாரோ தும்மியிருப்பார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றுகூட இல்லையென்றால், எதைச் சீவித் தள்ளினீர்கள் என்று யோசியுங்கள்.

வாய்மை வாசிப்பு வினைச்சொற்களைப் பற்றியது. அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் தமிழ் இலக்கணம் தப்பித்துக்கொள்ள வாகாகப் பல கதவுகளைத் திறந்துவைத்திருக்கிறது. 'எங்கள் பேச்சு மெல்ல நின்றுபோனது.' யார் நிறுத்தினார்? 'உறவு முறிந்துவிட்டது.' யார் முறித்தார்? '-போனது', '-விட்டது', '-ஆயிற்று', '-பட்டது', 'நேர்ந்தது' என்று முடியும் ஒவ்வொரு வினையையும் வட்டமிடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் அதன் மறுபாதியை எழுதிப்பாருங்கள்: உடைந்தது என்றால் உடைத்தேன், முறிந்தது என்றால் முறித்தேன், தொலைந்தது என்றால் தொலைத்தேன், நின்றது என்றால் நிறுத்தினேன். சில வட்டங்களில் மறுபாதி பொருந்தாது. கண்ணாடி டம்ளர் தானாகவும் நழுவும், அதை விட்டுவிடலாம். எந்த வட்டத்தில் மறுபாதியை எழுதும்போது கை ஒரு நொடி தயங்குகிறதோ, அங்கேதான் நீங்கள் ஒளிந்திருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றினால் போதும்.

'நாம்' இன்னொரு கதவு. 'நாம் எல்லோருமே ஒரு கட்டத்தில் பெற்றோரைக் கைவிட்டுவிடுகிறோம்' என்று எழுதும்போது, குற்றத்தில் பாதியை வாசகர் தலையில் கட்டியாகிவிட்டது. அவர் கைவிட்டாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. 'இரண்டு வருடம் அம்மாவைப் போய்ப் பார்க்கவில்லை' என்பது உங்களுக்குத் தெரியும். பொதுவாக ஓர் அத்தியாயத்தில் 'நாம்' வரும் இடங்களில் பெரும்பாலானவற்றை 'நான்' ஆக்கினால் பக்கம் சிறுக்கும், எடை கூடும்.

'என்னையறியாமல்' என்ற சொல் தனி ரகம். அறியாமல் நடந்ததை எப்படி இவ்வளவு விவரமாகச் சொல்கிறீர்கள்? இதைத் தேடிப்பிடித்து வெட்டிவிடலாம், நஷ்டம் வராது. 'கண்கள் குளமாயின', 'இதயம் கனத்தது', 'மனத்திரையில் ஓடியது', 'வார்த்தைகளால் விவரிக்க முடியாத' இவையெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. யாரோ எப்போதோ உண்மையாகச் சொன்னதுதான். உங்களுக்கு என்ன நடந்தது என்பதை அவை சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு பத்தியை வைத்துப் பார்க்கலாம். தந்தை இறந்த நாளைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'அப்பா போய்விட்டார் என்ற செய்தி என்னை நிலைகுலைய வைத்தது. கண்கள் குளமாயின. மருத்துவமனையின் நீண்ட நடைபாதையில் என்னையறியாமல் நடந்துகொண்டிருந்தேன். அவர் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் மனத்திரையில் ஓடியது.'

இதில் நடக்காத சம்பவம் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த அப்பாவுக்கும் எந்தப் பிள்ளையும் எழுதக்கூடிய நான்கு வாக்கியங்கள். அடிக்கோடு விழக்கூடிய இடம் நடைபாதை ஒன்றுதான். மூன்று வாசிப்புக்குப் பிறகு அதே பத்தி:

'படிவத்தில் இறந்தவரின் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. எழுபத்திரண்டு என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அடையாள அட்டையைப் பார்த்து, அடித்து எழுபத்தைந்து ஆக்கினார். அடுத்த கட்டம் உறவுமுறை. மகன் என்று எழுதினேன். அதை அவர் சரிபார்க்கவில்லை.'

துக்கம் என்ற சொல்லே இல்லை. தப்பான வயதை எழுதியது 'நான்', அது எங்கேயும் 'தவறு நேர்ந்துவிட்டது' ஆகவில்லை. கடைசி வாக்கியத்தில் லேசாகச் சாமர்த்தியம் எட்டிப்பார்க்கிறது, கறாரான ஆசிரியர் அதை வெட்டச் சொல்வார். சொன்னால் வெட்டலாம்.

மூன்றாவது, உண்மை வாசிப்பு. இதில் பக்கத்தில் இருப்பதைத் தேட வேண்டியதில்லை, இல்லாததைத் தேட வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு தனித் தாளில் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள்: இதைச் சம்பந்தப்பட்டவர் படித்தால், 'இன்னொன்றும் நடந்ததே, அதை ஏன் விட்டுவிட்டாய்?' என்று எதைக் கேட்பார்? அதை எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எதை விட்டீர்கள் என்று தெரியாமல் விட்டால், மிச்சமிருக்கும் பகுதியும் அந்த ஓட்டையைச் சுற்றியே வளைந்து நிற்கும். வாசகருக்கு ஏனென்று தெரியாது, நம்பிக்கை மட்டும் போய்விடும்.

கதை எழுதுகிறவர்களுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். சம்பவம் கற்பனையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பாத்திரம் அந்த நொடியில் அப்படித்தான் செய்யும் என்பதில் கற்பனைக்கு இடமில்லை. கதையில் மிகவும் அடிக்கடி தென்படும் பொய், எழுத்தாளருக்குப் பிடித்த பாத்திரம் கடைசிவரை கேவலமாக ஒன்றுமே செய்யாமல் இருப்பது.

நினைவு என்ற சாட்சி

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில், அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டார்கள். பலருடைய பதில் முதல் பதிலோடு ஒட்டவே இல்லை, ஆனால் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளைக் காட்டியபிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. தெளிவாக நினைவிருக்கிறது என்பது சரியாக நினைவிருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

அதனால் தன்வரலாற்று வரைவின் ஓரத்தில் மூன்று எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். கடிதம், புகைப்படம், ரசீது, நாட்குறிப்பு என்று கையில் ஆதாரம் இருந்தால் 'ஆ'. நினைவு மட்டுமே என்றால் 'நி'. நினைவும் இல்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பியது என்றால் 'ஊ'. 'ஊ' விழுந்த வாக்கியத்தில் 'இருக்கலாம்' சேருங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். 'நி' விழுந்ததில் தேதி, வயது, தொகை இருந்தால் வேறொருவரிடம் கேட்டுப்பாருங்கள். கேட்கும்போது உங்கள் பதிப்பை முதலில் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் அவரும் 'ஆமாம், அப்படித்தான்' என்பார். இரண்டு பேர் நினைவும் முரண்பட்டால் இரண்டையும் எழுதலாம். பல சமயம் அந்த முரண்தான் அத்தியாயத்திலேயே சுவையான பகுதியாக இருக்கும்.

மற்றவர்களைப் பற்றி

உயிரோடிருப்பவரைப் பற்றி எழுதினால் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. தொழில், ஊர், உறவுமுறை மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். எது இல்லாவிட்டாலும் அத்தியாயம் நிற்குமோ அதை மாற்றுங்கள். குற்றம் சாட்டும் விதமாக எழுதினால் அச்சுக்குப் போகுமுன் சட்டம் தெரிந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும். 'நடந்ததைத்தானே எழுதினேன்' என்று நினைப்பது ஒன்று, அதை நிரூபிக்கக் கையில் தாள் இருப்பது வேறு.

பழிவாங்க எழுதிய உண்மையை வாசகர் இரண்டாவது பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். தகவல் எல்லாம் சரியாக இருக்கும், தேர்ந்தெடுத்த விதத்தில் பொய் இருக்கும். அதே சண்டையை அந்த மனிதரின் பக்கத்திலிருந்து 200 சொல்லில் எழுதிப்பாருங்கள். பிரசுரிக்க வேண்டாம், எழுதினால் போதும். எழுத வரவே இல்லையென்றால் அவரைப் பற்றி எழுதும் நேரம் இன்னும் வரவில்லை.

அனுப்பும்போது

முடித்த வரைவை மூன்று வாரம் கண்ணில் படாமல் வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களைக் குறித்துத் திருத்திவிட்டு, இதழின் விதிமுறைகளைப் படியுங்கள்: சொல் எண்ணிக்கை, எழுத்துரு, கோப்பு வகை, ஒரே படைப்பை ஒரே சமயத்தில் வேறு இடங்களுக்கும் அனுப்ப அனுமதி உண்டா. 3000 சொல் என்று கேட்ட இடத்துக்கு 4500 அனுப்பினால், நல்ல கதை என்பதற்காக விதியைத் தளர்த்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உடன் அனுப்பும் கடிதம் ஐந்தாறு வரி போதும். என்ன படைப்பு, எத்தனை சொல், முன்பு எங்கே பிரசுரமாகியிருக்கிறது. எங்கேயும் ஆகவில்லையென்றால் அந்த வரியே வேண்டாம். மழுப்புவது இங்கேதான் மிகச் சுலபமாக வரும்: போட்டிக்கு அனுப்பியது 'போட்டியில் கவனம் பெற்றது' ஆகிவிடும், தெரிந்தவர் 'நன்றாயிருக்கு' என்றது 'மூத்த எழுத்தாளரின் பாராட்டு' ஆகிவிடும். ஆசிரியர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள்தான்.

பிறகு ஒரு பதிவேடு. எக்செல் தாளோ பள்ளி நோட்டோ போதும். படைப்பின் பெயர், எத்தனையாவது வரைவு, அனுப்பிய இடம், தேதி, அவர்கள் சொன்ன காத்திருப்புக் காலம், பதில் வந்த தேதி, பதிலின் அசல் வாக்கியம், அடுத்து அனுப்பப்போகும் இடம். கடைசிக் கட்டத்தை அனுப்பும் அன்றைக்கே நிரப்பிவிட வேண்டும். மறுப்பு வந்த அன்றைக்கு அடுத்த இடத்தைத் தேட உட்கார்ந்தால், எல்லா இதழும் உங்களுக்கு எதிரியாகத் தெரியும்.

கடிதத்தைப் படிப்பது

சொன்ன காலம் கடந்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால், இரண்டு வரியில் ஒருமுறை விசாரிக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மறுப்பு என்று பதிவேட்டில் எழுதி, அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

கடிதம் வந்தால் இப்படி ஒன்று வரலாம்:

'தங்கள் சிறுகதையை ஆர்வத்துடன் வாசித்தோம். நடை நன்றாக இருக்கிறது. எனினும் மகள் வீட்டை விட்டுப் போகும் காரணம் நம்பும்படி இல்லை. இப்போதைக்குப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் பிற படைப்புகளை அனுப்பலாம்.'

மனம் புண்பட்டவர் இதில் 'உனக்கு எழுத வராது' என்று படிப்பார். தன்மேல் பிரியம் அதிகமுள்ளவர் 'அந்த ஓர் இடத்தைத் திருத்தினால் போட்டுவிடுவார்கள்' என்று படிப்பார். இரண்டும் கடிதத்தில் இல்லை. ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் கடிதத்தின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள், வலது பக்கம் அது எல்லோருக்கும் போகும் வாக்கியமா, உங்களுக்கு மட்டும் வந்ததா என்று குறியுங்கள். 'ஆர்வத்துடன் வாசித்தோம்' எல்லோருக்கும் போவது. 'நடை நன்றாக இருக்கிறது' அனேகமாக மரியாதை, நம்பி மேலே கட்ட வேண்டாம். 'இப்போதைக்கு' ஓர் அலங்காரம், அதே கதையைத் திரும்ப அனுப்பச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மகளைப் பற்றிய வாக்கியம் மட்டும்தான் உங்கள் கதையைப் படிக்காமல் எழுதியிருக்க முடியாதது. ஆக, கடிதத்தின் முழுச் சாரமும் அந்த ஒரு வரி. அது இருப்பதால் கடைசி வரிக்கும் கொஞ்சம் மதிப்புக் கூடுகிறது: அடுத்த கதையை இவர்களுக்கு அனுப்பலாம். பதிவேட்டில் 'அசல் வாக்கியம்' என்ற கட்டத்தில் அந்த வரியை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். 'பாத்திரம் பிடிக்கவில்லையாம்' என்று சுருக்கினால் ஆறு மாதம் கழித்து உங்கள் சுருக்கம்தான் நினைவிருக்கும்.

மறுப்புக்கு எழுத்து மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டின் பெருநாவலின் முதல் பாகத்தைத் திருப்பி அனுப்பிய பதிப்புக் குழுவில் எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் இருந்தார். ப்ரூஸ்ட் தன் செலவில் 1913இல் வெளியிட்டார். 1914 ஜனவரியில் ழீத் மன்னிப்புக் கடிதம் எழுதினார்: மேல்தட்டு வீடுகளில் சுற்றித் திரிகிறவர் என்று ஆளை எடைபோட்டுவிட்டு, பிரதியை அங்கங்கே புரட்டியதாக. 1944இல் ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' நாவலைத் திருப்பிய, பதிப்பகம் ஒன்றில் பொறுப்பிலிருந்த கவிஞர் டி.எஸ். எலியட் எழுத்தைப் பாராட்டியே எழுதினார். அந்த நேரத்து அரசியலை அந்தக் கோணத்தில் விமர்சிப்பதுதான் அவருக்கு ஒப்பவில்லை. ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங் 1980களின் தொடக்கத்தில் ஜேன் சோமர்ஸ் என்ற புனைபெயரில் நாவலை அனுப்பியபோது, அவருடைய சொந்தப் பிரிட்டிஷ் பதிப்பகமே வேண்டாம் என்றது.

இந்தக் கதைகளை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பியது சரிதான் என்று ஆன பிரதிகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அவை எத்தனையோ மடங்கு அதிகம். 'ப்ரூஸ்டையே மறுத்தார்கள்' என்ற வாக்கியத்துக்குப் பிறகு 'அதனால் என் கதை நல்ல கதை' என்பது வந்தால், இதுவும் முதலில் சொன்ன அந்தத் தற்காப்புப் பொய்தான்.

பதில் எழுதாதீர்கள். முக்கியமாக முதல் 48 மணி நேரம். குறிப்பிட்டு ஏதாவது சொல்லியிருந்தால் ஒருவரி நன்றி போதும், விளக்கம் வேண்டாம். கதைக்கு உங்கள் விளக்கம் தேவைப்படுகிறது என்றால் ஆசிரியர் சொன்னது சரியென்று ஆகிவிடும். தலைப்பை மாற்றி அதே இடத்துக்கு அனுப்புவது, கடிதத்தைப் படமெடுத்துப் பொதுவில் போட்டு நியாயம் கேட்பது, இரண்டும் வாசலை நீங்களே பூட்டிக்கொள்வது.

எப்போது திருத்துவது? ஒரே ஒருவர் சொன்னால் குறித்துவைத்து, அப்படியே அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். அவர்கள் காட்டிய இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும், சொன்ன மருந்து பெரும்பாலும் சரியாக இருக்காது. முடிவு சரியில்லை என்று இருவர் சொன்னால், நோய் முதல் மூன்று பக்கத்தில் எங்கேயாவது இருக்கலாம். ஐந்தாறு இடங்களிலிருந்து ஒரு குறிப்பும் இல்லாமல் திரும்பி வந்தால் முதல் பக்கத்தை எடுத்து வட்டமிடும் வேலையை மறுபடி செய்யுங்கள், பலர் அதற்குமேல் படித்திருக்க மாட்டார்கள்.

திருத்துவதற்கும் பணிந்துபோவதற்கும் உள்ள வித்தியாசம் மங்கலானது. சோதிக்க வழி இருக்கிறது. மாற்றிய பத்தியைப் படித்து, மெய்மை வாசிப்பில் அடிக்கோடுகள் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மகள் போகும் காரணத்தை நம்பும்படி ஆக்க, அவள் மூட்டை கட்டும்போது எதை எடுத்தாள், எதை வைத்துவிட்டுப் போனாள் என்று சேர்த்தால் கோடு கூடும். 'அவளுக்குச் சுதந்திரம் தேவைப்பட்டது' என்று சேர்த்தால் கூடாது. இரண்டாவது வாக்கியம் ஆசிரியரின் புகாருக்குச் சொன்ன சமாதானம்.

பட்டியலில் இருந்த எல்லா இடமும் தீர்ந்தபிறகு படைப்பைக் கோப்பில் போட்டு வையுங்கள். போடுமுன் மேல்தாளில் மூன்று குறிப்பு: இப்போதும் சரியென்று தோன்றும் ஒரு பத்தியின் பக்க எண், பொய் என்று நீங்களே சந்தேகிக்கும் ஒரு வாக்கியம், திறந்து பார்க்க வேண்டிய தேதி. ஆறு மாதம் போதும். திறக்கும் நாளில் இரண்டாவது குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பிரதியைப் படித்து, பொய்யான வாக்கியம் எது என்று புதிதாகக் குறித்துவிட்டு, பிறகு கையை எடுங்கள்.